கண்ணாடியில் திரும்பிய வெட்டுக்கோடு: தோட்டப்புற நகரில் ஒரு சிறார் நூல் வட்டம்

இந்த ஆய்வில் யாருடைய பெயரும் இல்லை. சம்பந்தப்பட்ட இருவர் முழுவதையும் படித்துப் பார்த்து, திருத்தம் சொன்ன இடங்களில் திருத்தியிருக்கிறேன். மூன்றாமவர் படிக்க விரும்பவில்லை. "எழுதிக்கோங்க, என் பேரு மட்டும் வேணாம்" என்றார். நான் ஒரு நாளிதழின் சிறுவர் பக்கத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவன். வட்டத்தை ஒருங்கிணைத்ததும் நான்தான். ஆகவே இதில் வரும் பிழைகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

கெடாவில், கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் நடுவில் இருக்கிறது அந்த நகரம். இரண்டு வரிசைக் கடைவீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு சீனப்பள்ளி, வாரம் ஒருநாள் இரவுச் சந்தை, அவ்வளவுதான். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர். இப்போது பெரும்பாலும் செம்பனை. லயன் வீடுகளை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளை, இடித்த பிறகு தோட்டத்து மக்கள் நகரத்தின் ஓரத்து மலிவுவிலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பாட்டன், பாட்டி விடியற்காலையில் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனார்கள். அதே நேரத்தில் பேரப்பிள்ளைகள் இப்போது கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்குப் போகும் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கிறார்கள்.

முதலாமவர் அந்தத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியை. வகுப்பில் ஒருநாள் பால்மரம், அதாவது ரப்பர் மரம், பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பையன், "டீச்சர், பால் மட்டுந்தானா, மைலோவும் வருமா?" என்று கேட்டிருக்கிறான். மைலோ என்பது சாக்லேட் பானம். கேலிக்குக் கேட்கவில்லை. பள்ளி வேலிக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டரில் இன்னும் கொஞ்சம் ரப்பர் நிற்கிறது. அவன் பார்த்ததில்லை. அன்று இரவே கதை எழுத உட்கார்ந்ததாக ஆசிரியை சொன்னார். பாட்டியோடு விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகும் ஒரு சிறுமி, காணாமல் போன ஒரு மங்கு (ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணம்), அதைத் தேடிய தேடல், அதற்குள் உட்கார்ந்திருந்த தவளை. இதுதான் கதை.

இரண்டாமவர் ஓவியர். அப்போது 24 வயது. கடைத்தெருவில் பேனர், பெயர்ப்பலகை அச்சடிக்கும் கடையில் வேலை. தைப்பூசத்துக்குக் காவடி அலங்காரம், கோயில் திருவிழா பேனர், கல்யாணத்துக்கு மணமக்கள் படம் என எல்லாம் வரைவார். படிக்காமல் கற்ற கை, ஆனால் நல்ல கை. ஆசிரியை அவரைத் 'தம்பி' என்பார், அவர் 'டீச்சர்' என்பார். ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

மூன்றாமவர் ஓய்வு பெற்ற பாலர்பள்ளி ஆசிரியை. குழந்தைப் பாட்டு எழுதுபவர், எங்களில் மூத்தவர்.

முதல் நூல், 2018

ஆசிரியை தம் சேமிப்பிலிருந்து 4,500 வெள்ளி (ரிங்கிட்) போட்டு 1,000 பிரதி அடித்தார். அச்சகம் கல்யாண அட்டையில் பேர் வாங்கியது. சிறார் நூல் அதற்கும் முதல் முறை. வெளியீடு பள்ளி மண்டபத்தில் நடந்தது. மாலை, பொன்னாடை, ஏழு பேர் வாழ்த்துரை. ஏழு பேரில் நூலைத் திறந்து ஒரு வரியைப் படித்துப் பேசியவர் ஒருவர்கூட இல்லை. அந்த ஏழில் நானும் ஒருவன்.

ஓராண்டு கழித்து அவர் வீட்டு அறையில் ஆறு பெட்டிகள் இருந்தன. எண்ணிப் பார்த்தோம், 640 பிரதி. அன்றுதான் முதன்முறையாக அந்த நூலை ஒரு நூலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

கவனித்தவற்றை அப்படியே சொல்கிறேன். கதை 2,400 சொல். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்தபோது பாதியிலேயே காலணி வாரைப் பிடித்து விளையாட ஆரம்பித்தார்கள். பக்கம் 26. நடுவில் கம்பி அடிக்கும் நூலுக்குப் பக்கக் கணக்கு நாலின் மடங்காக வர வேண்டும். ஆகவே கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கங்கள், பிள்ளைகள் அதில் கிறுக்கியிருந்தார்கள். 14ஆம் பக்கத்தில் சிறுமியின் முகம் சரியாக மடிப்புக்குள் விழுந்து ஒரு கண் காணாமல் போயிருந்தது. விடியற்காலை நீலம் ஓவியரின் திரையில் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியும். தாளில் அது கரிச்சட்டி நிறம். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் நிறம் காட்டும். அச்சு சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மையில் நிறம் பிடிக்கும். திரையில் ஒளிரும் நீலங்களில் பல மையில் கிடையாது. இதை அவருக்குச் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை.

எல்லாவற்றிலும் மோசம் எழுத்து. 'தேடினாள்' என்று வரும் இடமெல்லாம் இரட்டைக்கொம்பு 'த'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. கதை முழுக்கத் தேடல்தானே, பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உயிர்மெய்க் குறிகள் இப்படி இடம் மாறும். தேர்ந்தெடுக்க அரை நிமிடம் போதும். பின்னாளில் சென்னையில் பக்கம் கட்டும் ஒருவர் ஒரே வரியில் இதைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுதினார். அந்த ஒரு வரி 2018இல் கிடைத்திருந்தால் எழுத்துப்பிழை என்ற பேச்சே வந்திருக்காது.

ஓவியரின் பத்து அட்டைகள்

இது தனிக் கதை, ஆனால் இங்கேதான் சேரும். 2017இல் நகரத்துப் பதிப்பகம் ஒன்று பத்துப் பயிற்சி நூல்களுக்குப் படம் கேட்டது. மொத்தம் 1,500 வெள்ளி. பேச்சு முழுவதும் தொலைபேசியில். எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அவர் வரைந்த யானைக்குட்டி ஒட்டுப்படத்திலும் நோட்டுப்புத்தக அட்டையிலும் வந்தது. கேட்டதற்கு, "அதான் காசு குடுத்தாச்சே" என்றார்கள்.

அவர்கள் சொன்னது சட்டப்படி பெரும்பாலும் சரி. அதுதான் வேதனை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவு: சம்பளத்துக்கு வேலை பார்க்காத ஒருவரிடம் ஒரு படைப்பைச் செய்து தரச் சொன்னால், வேறு ஏற்பாடு இல்லாதவரை உரிமை செய்யச் சொன்னவருக்கே போனதாகக் கொள்ளப்படும். வரைந்தவருக்குத்தான் உரிமை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதுவும் சிறுவர் பக்கத்துக்கு வருடக்கணக்காகப் படம் வாங்கிப் போட்ட பிறகு. ஒரே ஒரு தாளில் 'உரிமை ஓவியரிடமே இருக்கும், இந்தப் பத்து நூலுக்கு மட்டும் அனுமதி' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தால் யானைக்குட்டி அவருடையது.

எங்கே சேர்வது: 2019

குறை தெரிந்துவிட்டது. இதையெல்லாம் சொல்லித்தர ஆள் எங்கே? மூன்று வழி தென்பட்டது. மூன்றையும் முயன்றோம்.

முதலாவது, உலக அளவில் சிறார் நூல் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் உள்ள எஸ்.சி.பி.டபிள்யூ.ஐ. அமைப்பு. 1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டீபன் மூசர், லின் ஆலிவர் என்ற இரண்டு இளம் எழுத்தாளர்கள் தொடங்கியது. மலேசியாவிலும் அதற்குக் கிளை உண்டு. தொடக்கத்தில் அதன் பெயரில் எழுத்தாளர் மட்டும்தான். ஓவியர் என்ற சொல் பின்னால் சேர்ந்தது. இதைக் கேட்டதும் எங்கள் ஓவியர், "அங்கயும் அப்படித்தானா?" என்றார். ஆசிரியை கோலாலம்பூரில் ஒரு பட்டறைக்குப் போய்வந்தார். மாதிரிப் புத்தகம் என்ற ஒன்றை அங்கேதான் கண்ணால் பார்த்தார். ஆனால் சந்தா டாலரில், பேச்சு ஆங்கிலத்தில், நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஒவ்வொரு பட்டறைக்கும் அவர் பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். தெற்கே இருப்பவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

இரண்டாவது, நம் தமிழ் எழுத்தாளர் அமைப்புகள். அங்கே அன்பாகத்தான் வரவேற்றார்கள். கவிதை, சிறுகதை, நாவல் பற்றி நல்ல பேச்சு நடந்தது. சிறார் நூல் என்றதும் "குழந்தைகளுக்குத்தானே" என்ற ஒரு புன்னகை. ஓவியரைப் புகைப்படம் எடுக்க வந்தவர் என்று நினைத்துவிட்டார்கள்.

மூன்றாவது யோசனையைக் கொடுத்தவர் மூத்தவர். அழ. வள்ளியப்பாவின் பாடல்களில் பல அவருக்கு மனப்பாடம். வள்ளியப்பாவும் நண்பர்களும் 1950இல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் அமைத்ததைச் சொல்லி, "அவங்க கூடினப்ப எத்தனை பேர் இருந்திருப்பாங்க? நாம ஆறு பேர் இருக்கோம்" என்றார். சிறுவட்டம் ஒன்றை ஊரிலேயே அமைப்பது, ஆசிரியை மட்டும் பெரிய அமைப்பில் உறுப்பினராகி அங்கே கற்றதை இங்கே தமிழில் கொண்டுவருவது, சந்தாவை ஆறு பேரும் பகிர்ந்துகொள்வது என்று முடிவு செய்தோம். ஓவியர்களை எழுத்தாளர்களுக்குச் சமமாக உட்கார வைப்பது என்பதும் அன்றே முடிவானது.

சனிக்கிழமைக் கூட்டங்கள்

2019 ஆகஸ்டு முதல் மாதம் ஒரு சனிக்கிழமை கூடினோம். இடம் டியூஷன் மையத்து மாடி. மின்விசிறி ஒன்று, கீழே ரொட்டி சானாய்க் கடை.

விதி மூன்றுதான். கையில் மாதிரிப் புத்தகம் இல்லாமல் வரக்கூடாது. எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து நூலால் தைத்தால் 32 பக்கம் ஆயிற்று, பென்சில் கிறுக்கல் போதும். வேறொருவர் உரக்க வாசிப்பார், எழுதியவர் பத்து நிமிடம் வாய் திறக்கக்கூடாது. 'அருமை' என்ற சொல்லுக்குத் தடை. கடைசி விதி என்னுடையது. பொன்னாடை போர்த்திய குற்ற உணர்ச்சி அதில் இருந்திருக்கலாம்.

32 பக்கம் ஏன் என்று எல்லாருக்கும் கேள்வி. பெரிய தாளை மடித்தால் 16 பக்கம் வரும், இரண்டு தாளுக்கு 32. அச்சகத்தில் தாளும் மிஞ்சாது, வெற்றுப் பக்கமும் நிற்காது. அச்சகக் கணக்காகத் தொடங்கியது கதை சொல்பவருக்கும் அளவுகோலாகிவிட்டது. தலைப்பும் உரிமைப் பக்கமும் போனால் கதைக்குச் சுமார் பதினான்கு விரிப்பு. எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு விரிப்பு. ஒவ்வொரு முறை பக்கத்தைப் புரட்டும்போதும் பிள்ளைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்.

இரண்டாம் கூட்டத்தில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். ஆசிரியை மங்குக் கதையை மீண்டும் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: 'பாட்டி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் வாளியை எடுத்துக்கொண்டு, கும்மிருட்டில் சருகுகளின்மேல் நடந்து போனாள்.' ஓவியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், விளக்கு, வாளி, இருட்டு மூணையும் நான் வரைஞ்சிடுறேன். எனக்கு வரைய முடியாதது சத்தம் ஒண்ணுதான். நீங்க அதை மட்டும் எழுதுங்க."

ஆசிரியை பேசக்கூடாத பத்து நிமிடத்தில் இருந்தார். கையிலிருந்த தாளில் ஏதோ அடித்தார், எழுதினார். நேரம் முடிந்ததும் வாசித்தார்: 'சரக்... சரக்... சருகு மட்டும் பேசியது.'

அதற்குப் பிறகு 2,400 சொல் 480 ஆகக் குறைய மூன்று மாதம் பிடித்தது. ஆனால் வழி திறந்தது அந்த இடத்தில்தான். ஓவியர் எழுத்தைப் பற்றி வாய் திறந்ததும் அன்றுதான் முதல் முறை. அதுவரை அவருக்குக் கதை முடிந்த பிறகுதான் தாள் வரும்.

அதே கூட்டத்தில்தான் மூத்தவரை இழந்தோம். அவருடைய பாட்டில் எதுகைக்காக ஒரு கிளி வந்திருந்தது. அவர் பத்து நிமிட மௌனத்தில் இருந்தபோது நான், "இந்தக் கிளி இங்க எதுக்கு வந்துச்சு?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூன்றாம் கூட்டத்துக்கு வரவில்லை.

2020 மார்ச்

மார்ச் 21, சனிக்கிழமை கூடுவதாக இருந்தோம். 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இரண்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. பேனர் கடை மூடியது, ஓவியர் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனார்.

ஜூன் மாதம் இணையத்தில் கூட ஆரம்பித்தோம். ஒன்பது பேரானோம். புதியவர்களில் ஒருவர் ஈப்போவிலிருந்து, இருவர் சென்னையிலிருந்து. தமிழ்நாட்டில் சிறார் எழுத்தாளர்களும் கலைஞர்களும் 2021இல் ஒரு சங்கமாகச் சேர்ந்தபோது அந்த உற்சாகம் எங்கள் திரைக்கும் வந்தது. கொம்புப் பிரச்சினை தீர்ந்தது, நிறம் பற்றித் தெளிவு வந்தது, மடிப்பிலிருந்து முகத்தை எவ்வளவு தள்ளி வைப்பது என்று தெரிந்தது. விசைப்பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் யாரும் இதற்குக் காசு கேட்கவில்லை. ஊரில் ஒருவர்கூட இல்லாத தொழிலுக்குத் திடீரென்று சகபாடிகள் கிடைத்தார்கள். ஓவியர் அந்த மாதங்களில் ராத்திரி ஒரு மணிக்குக்கூடப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

சிக்கலும் அதே வாசல் வழியாகத்தான் வந்தது.

மங்கு

ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணத்துக்கு இங்கே தோட்டத்தில் 'மங்கு' என்று பெயர். கதையின் உயிரே அந்தச் சொல்தான். சென்னை நண்பர் ஒருவர், அங்கே மங்கு என்றால் பீங்கான் தட்டு நினைவுக்கு வரும், பிள்ளைகள் குழம்புவார்கள், 'கிண்ணம்' என்று போடுங்கள் என்றார். அவர் சொன்னது நியாயமாகப்பட்டது. தமிழ்நாட்டிலும் விற்கலாம் என்ற ஆசையும் இருந்தது. மாற்றிவிட்டோம். நானே நூலில் எல்லா இடத்திலும் தேடித் தேடி மாற்றினேன்.

ஓவியரின் பாட்டி 31 வருடம் மரம் சீவியவர். பேரன் வரைவதைத் தேநீர் கொடுக்க வரும்போது எட்டிப் பார்ப்பார். ஒருநாள் பேரன் கதையை வாசித்துக் காட்டியிருக்கிறார். "கிண்ணமா? கிண்ணத்துல கஞ்சில்ல குடிப்போம்" என்றாராம்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசினோம். ஆசிரியை உறுதியாக இருந்தார்: மைலோ வருமா என்று கேட்ட பையனுக்காக எழுத ஆரம்பித்த கதை இது, அவன் பாட்டி வாயில் இருக்கும் சொல்லையே அவனிடமிருந்து பிடுங்கினால் எப்படி? மங்கு திரும்பி வந்தது. மங்கு எதுவென்று முதல் விரிப்பிலேயே படம் காட்டிவிடும்படி ஓவியர் அமைத்தார். அடிக்குறிப்பு போடவில்லை. சென்னை நண்பர் இதை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது, விட்டுக்கொடுத்தார்.

வெட்டுக்கோடு

இணையக் கூட்டம் ஒன்றில் ஈப்போக்காரர் நல்ல ஆலோசனை ஒன்று சொன்னார். தமிழில் நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், பக்கத்தை வலது ஓரத்தைப் பிடித்துப் புரட்டுகிறோம். கதை நகரும் படங்களில் பாத்திரம் வலப்பக்கம் பார்த்திருந்தால் பிள்ளையின் கண்ணும் கையும் அடுத்த பக்கத்துக்குப் போகும். எங்கள் படங்களில் ஐந்தில் பாட்டியும் சிறுமியும் இடப்பக்கம் பார்த்திருந்தார்கள். ஓவியர் கணினியில் ஒரு தட்டுத் தட்டி ஐந்தையும் கண்ணாடிபோல் திருப்பினார். கதை ஓட ஆரம்பித்தது. ஒன்பது பேரும் பாராட்டினோம். 'அருமை' என்ற சொல் அன்று தடையை மீறியது.

மூன்று மாதம் அந்தப் படங்கள் எங்கள் கண்முன் இருந்தன. 2021 இறுதியில் அச்சுக்குப் போகத் தயாராக இருந்த சமயம். பாட்டி தேநீர் டம்ளரோடு திரைக்குப் பின்னால் நின்று கேட்டார்: "ஏன்டா, இந்தப் பொம்பளை இடது கைக்காரியா?"

பேரன் சிரித்தார். படத்தைத் திருப்பியதில் கத்தி இடது கைக்குப் போயிருந்தது.

"இடது கைக்காரியா இருந்தாலும் கோடு இப்படிப் போவாதே. தண்டல் பார்த்தா கணக்கைக் கிழிச்சிருப்பாரு." தண்டல் என்றால் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்ப்பவர்.

பால் எடுக்க மரப்பட்டையில் சீவும் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிய வேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக ஏறாமல் சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரியும் வெட்டுத்தான் அதிகக் குழாய்களை அறுக்கும். எதிர்ப்பக்கம் சீவினால் பால் குறையும். எங்கள் படத்தில் ஐந்து விரிப்பிலும் கோடு தப்பு. படத்தை ஓவியர் வரைந்தபோது சரியாகத்தான் வரைந்திருந்தார், சின்ன வயதில் பார்த்த நினைவில். தொழில் தெரிந்தவர்கள் சொன்ன நல்ல ஆலோசனைதான் அதைத் தப்பாக்கியது.

அன்று இரவு புலனக் குழுவில் இரண்டு கருத்து. அப்படியே அச்சடிக்கலாம், பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது ஒன்று. பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால் என்ன, வாசித்துக் காட்டப்போவது பாட்டிமார்தானே என்பது மற்றொன்று. ஆசிரியை இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். ஐந்து விரிப்பையும் திரும்ப வரைந்தார் ஓவியர். பாத்திரம் வலப்பக்கமே பார்க்கட்டும், கோடும் கையும் சரியாக இருக்கட்டும் என்று மரத்தை நிறுத்தும் இடத்தையே மாற்றினார். மூன்று வாரம் ஆயிற்று. படங்களும் முன்னதைவிட நன்றாக வந்தன என்பது என் எண்ணம். ஓவியர் ஒப்புக்கொள்வதில்லை.

நூலும் அதன் பிறகும்

ஆசிரியைக்கும் ஓவியருக்கும் இடையில் தமிழில் ஒரு பக்க ஒப்பந்தம். எழுத்தின் உரிமை எழுதியவருக்கு, படத்தின் உரிமை வரைந்தவருக்கு, வருமானம் பாதிப்பாதி, அட்டையில் இருவர் பெயரும் ஒரே அளவில். யானைக்குட்டி கற்பித்த பாடம். அச்சகத்தில் முழு நூலுக்கு முன்னால் விடியற்காலை விரிப்பை மட்டும் மாதிரி அச்சு எடுத்தார்கள். இரண்டு முறை நீலத்தைத் திருத்தினார்கள். தேசிய நூலகத்திடம் கட்டணமின்றி ஐ.எஸ்.பி.என். வாங்கி, 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து பிரதி ஒப்படைத்தார்கள். முதல் நூலுக்கு இதுவும் செய்யவில்லை. ஆகவே நாட்டின் நூல் பதிவுகளில் அப்படியொரு நூலே இல்லை.

2022 ஏப்ரல் 2, அனைத்துலகச் சிறார் நூல் நாள். சனிக்கிழமையாகவும் அமைந்தது. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் தளர்ந்து எல்லைகள் திறந்த மறுநாள். 500 பிரதி. வாழ்த்துரை இல்லை. ஓவியரின் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல், படத்தைப் பார்த்தே கதையைச் சொன்னார். 480 சொல்லில் பாதியைச் சொல்லவில்லை, இல்லாத நூறு சொல்லைச் சேர்த்தார். பிள்ளைகள் காலணி வாரைத் தொடவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நாற்பது பிரதி போக மற்றவை விற்றுவிட்டன. பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளுக்கு. தமிழ்நாட்டுக்குப் போனது பன்னிரண்டு. அந்த ஆசையைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

யானைக்குட்டி விவகாரம் பாதி தீர்ந்தது. உரிமை திரும்பவில்லை. ஆனால் படைப்பை வெளியிடும்போது படைத்தவர் யாரென்று அடையாளம் காட்ட வேண்டும் என்பதற்கு அதே சட்டத்தில் 25ஆம் பிரிவு இருக்கிறது. குழுவில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த பதிப்பில் ஓவியரின் பெயர் வந்தது, உள்பக்கத்தில், சின்ன எழுத்தில்.

2023இல் ஓவியர் சிங்கப்பூருக்குப் போனார். 2010 முதல் அங்கே நடந்துவரும் ஆசியச் சிறார் படைப்பு விழாவுக்கு. பட்டர்வொர்த்திலிருந்து இரவுப் பேருந்து. பையில் மங்கு நூலும், திருத்தும் முன் இருந்த தப்புக்கோட்டுப் படமும். தப்புப் படத்தை ஏன் எடுத்துப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அதைக் காட்டித்தான் ஐயா பேச்சையே ஆரம்பிக்கப்போறேன்" என்றார். அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் ஓர் அசைவூட்ட நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நல்ல சம்பளம். வட்டத்தால் அவருக்கு ஊரைத் தாண்டி ஆட்கள் கிடைத்தார்கள், அதனாலேயே ஊருக்கு ஓவியர் இல்லாமல் போனார். ஆசிரியையின் அடுத்த கதை தயாராக இருக்கிறது. வரைய ஆள் இல்லை. புலனத்தில் வரைந்து அனுப்புகிறேன் என்கிறார் ஓவியர். ஆனால் சனிக்கிழமை மாடியில் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பார்த்த அந்தப் பார்வை புலனத்தில் வருமா என்று ஆசிரியைக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

இன்று தொடங்கினால்

அச்சகக்காரரை முதல் கூட்டத்துக்கே அழைத்திருப்பேன். அவரைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தோம். கடைசியில் மாதிரி அச்சு எடுத்த நாள் அவர், "இதை அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மையோ தெரியாது, ஆனால் நாங்கள் கேட்கவில்லை என்பது உண்மை.

ஓவியரின் பாட்டிக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை. நூலின் உரிமைப் பக்கத்தில் நன்றி போட்டோம், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் இலவசமாகச் சொன்னார்கள் என்றால் அவர்களும் எங்களிடமிருந்து ஏதாவது கற்றார்கள், கணக்கு நேராயிற்று. பாட்டியிடம் வாங்கிக்கொள்ள மட்டும்தான் செய்தோம். ஒரு தொழிலைப் பற்றிய கதை என்றால் அந்தத் தொழில் செய்தவரை அச்சுக்கு முன்பல்ல, பென்சில் கிறுக்கலிலேயே உட்கார வைத்து, நூற்றைம்பது வெள்ளியாவது கையில் கொடுக்க வேண்டும் என்று இப்போது வட்டத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

முதல் நூலின் பெட்டிகளைப் பழைய தாளுக்குப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். ஆசிரியை விடவில்லை. புதிதாக யார் வந்தாலும் 14ஆம் பக்கத்தைத் திறந்து, மடிப்புக்குள் போன கண்ணைக் காட்டுகிறார்.

மௌன விதியை மாற்றிவிட்டோம். எழுதியவர் பத்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் மற்றவர்கள் சிரிக்கக்கூடாது. முதல் இரண்டு கூட்டத்துக்கு யாருடைய படைப்பையும் எடுப்பதில்லை, பழைய நூல்களை மட்டும் எடுத்துப் பேசுகிறோம்.

மூத்தவர் வீட்டுக்கு இரண்டு முறை போனேன். தேநீர் கொடுத்தார். கிளிப் பாட்டைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. போன மாதம் பாலர்பள்ளி விழாவில் அவருடைய பேத்தி அந்தப் பாட்டைப் பாடினாளாம், ஆசிரியைதான் சொன்னார். கிளியோடுதான் பாடினாளாம். பிள்ளைகள் எல்லாரும் கையை இறக்கையாக்கிக் கூடவே ஆடினார்களாம்.